பீடோங்கிலிருந்து புறப்பட்ட நாவல்: ரெ. கார்த்திகேசுவின் வாழ்வும் எழுத்தும்

கெடா மாநிலத்தின் நிலம் இருவகைப்பட்டது. நாம் கூடியிருக்கும் மெர்கோங்கும் அலோர் ஸ்டாரும் வடபுலத்து நெல்வயற் சமவெளியைச் சேர்ந்தவை. தெற்கே சென்றால் மண் மேடாகிறது. வயல் மறைந்து மரம் தோன்றுகிறது. குரூண், பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், லுனாஸ், பாலிங் என விரியும் அந்தத் தென்புலத்தில்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழர் குடியேற்றமும் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்ந்தது. கடாரம் என்றதும் பட்டினப்பாலை சுட்டும் காழகத்தையும், 1025-ஆம் ஆண்டின் இராசேந்திர சோழன் படையெடுப்பையும் நினைவுகூர்வது நம் மேடை வழக்கம். நானும் பல மேடைகளில் அவ்வாறு பேசியவன்தான். ஆயினும் இம்மண்ணில் தமிழ் இன்று உயிரோடிருப்பதற்குக் காரணம் அந்தக் கடற்படை அன்று. பால்வாளியும் உளியும் ஏந்தி விடியுமுன் பெரட்டுக்கு நின்ற மக்களே காரணம். அவர்களுடைய பிள்ளைகளுள் ஒருவர் எவ்வாறு நாவலாசிரியர் ஆனார் என்பதே இவ்வுரையின் பொருள்.

ரெ. கார்த்திகேசு 1940-ஆம் ஆண்டு பீடோங்கில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்து தந்தையார் ரெங்கசாமியின் பெயரைக் குறிப்பது. மூத்த சகோதரர் ரெ. சண்முகத்தை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையினர் நன்கறிவர். பாடகராகவும் பாடலாசிரியராகவும் நாடகக் கலைஞராகவும் மலேசிய வானொலியில் புகழ் பெற்றவர் அவர். ஒரே வீட்டிலிருந்து இரண்டு குரல்கள் வானொலிக்குச் சென்றன என்பதை மனத்தில் கொள்ளுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் நான் சொல்லப்போகும் மொழி பற்றிய கருத்துக்கு அதுவே அடிப்படை.

அவர் பிறந்த வட்டாரம் அமைதியானதாக இருக்கவில்லை. சப்பானியர் ஆட்சியும் சயாம் மரண இரயில் பாதையும் தோட்டக் குடும்பங்களைச் சிதைத்திருந்தன. போர் முடிந்தபின் 1947-இல் பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இளைஞர் இயக்கம் எழுந்தது. கள்ளுக்கடையை மூட வேண்டும், தொழிலாளி துரைக்கு முன் மிதிவண்டியை விட்டிறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்ற உணர்வு அப்போது பரவியது. காவல் துறையோடு மோதல் நிகழ்ந்தது, உயிர்கள் போயின, பலர் சிறை சென்றனர். கார்த்திகேசுவுக்கு அப்போது வயது ஏழு. ஆயினும் அவருடைய ஐந்து நாவல்களுள் எதுவும் இந்த எழுச்சியை மையப் பொருளாகக் கொள்ளவில்லை. ஒரு நாவலாசிரியர் எதை எழுதினார் என்பதோடு, தம் வாசலில் நடந்த எதை எழுதாமல் விட்டார் என்பதும் ஆராய்ச்சிக்குரியது. இதற்குப் பிறகு வருவேன்.

பள்ளி வயதிலேயே அவர் எழுதத் தொடங்கினார். அக்காலத்தில் மலாயாத் தமிழ் எழுத்துக்கு நாளேடுகளே வீடாக இருந்தன. 1924-இல் தோன்றிய தமிழ் நேசனும் 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் ஞாயிறுதோறும் சிறுகதைக்கு இடம் தந்தன. மாணவர்க்கெனத் தமிழ் முரசு ஒதுக்கிய பக்கங்கள் ஒரு தலைமுறையையே எழுத்தாளராக்கின. நூலாக வெளியிடுவோர் மிகச் சிலரே. இந்நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917-இலேயே வந்துவிட்டது. எனினும் நாவல் என்னும் வடிவம் இங்கே வேரூன்ற நெடுங்காலம் பிடித்தது. சிறுகதையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடிக்கலாம். நாவலுக்கு ஓய்வு வேண்டும், அதைத் தாங்கும் பதிப்பகம் வேண்டும், வாங்கும் வாசகர் வேண்டும். தோட்டத்துச் சூழலில் இம்மூன்றும் அரிதாகவே கிடைத்தன.

கார்த்திகேசுவின் கல்விப் பயணம் நீண்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் இளங்கலை பயின்றார். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுகலைப் பட்டமும், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். இடையே மலேசிய வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றினார். பின்னர்ப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் சாதனத் துறை ஆசிரியராகி, பேராசிரியராக உயர்ந்து ஓய்வு பெற்றார். 1963 முதல் 1983 வரையிலான மலேசியத் தொலைக்காட்சியின் வளர்ச்சி வரலாற்றை அவர் மலாய் மொழியில் எழுத, டேவான் பகாசா டான் புஸ்தாகா 1994-இல் நூலாக வெளியிட்டது. தமிழில் நாவல், மலாயில் வரலாறு, ஆங்கிலத்தில் ஆய்வு என மூன்று மொழிகளில் இயங்கிய ஒருவர் தம் கற்பனைக்குத் தமிழையே தேர்ந்தார். இத்தேர்வை இயல்பானது என்று நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அவருக்குப் பதவி உயர்வோ பன்னாட்டுக் கவனமோ அத்தேர்வால் கிடைத்திராது.

சிறுகதைத் தொகுப்பான ‘புதிய தொடக்கங்கள்’ 1974-இல் வெளிவந்தது. முதல் நாவல் ‘வானத்து வேலிகள்’ 1981-இல். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் நாவல் இல்லை. ‘தேடியிருக்கும் தருணங்கள்’ 1993-இலும், ‘அந்திம காலம்’ 1998-இலும், ‘காதலினால் அல்ல’ 1999-இலும், ‘சூதாட்டம் ஆடும் காலம்’ 2006-இலும் வந்தன. ஐந்தில் நான்கு நாவல்களை அவர் ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதினார். சிறுகதையில் ‘மனசுக்குள்’, ‘இன்னொரு தடவை’, ‘ஊசி இலை மரம்’ ஆகிய தொகுப்புகளும், திறனாய்வில் ‘விமர்சன முகம்’ என்னும் நூலும் குறிப்பிடத்தக்கவை. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் காலமானார்.

இனி நாவல்களுக்கு வருவோம். ‘வானத்து வேலிகள்’ தோட்டத்துக்கு வெளியே பொருளுலகில் ஏறிச் செல்ல முனையும் தமிழனை நோக்கியது. ‘தேடியிருக்கும் தருணங்கள்’ தாயின் மறைவுக்குப் பின் தன் வேரைத் தேடும் மகனின் கதை. ‘காதலினால் அல்ல’ பல்கலைக்கழக வளாகத்தைக் களமாகக் கொண்டது; புதுமுக மாணவரை மூத்த மாணவர் வதைக்கும் பகடிவதையும் அதில் இடம்பெறுகிறது. தமிழ் மாணவர் மலேசியப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததை ஒரு சமூக நிகழ்வாகக் கண்டு நாவலில் வைத்தவர் மிகச் சிலர். உள்ளிருந்து கண்டு எழுதியவர் அவர்.

இவற்றுள் ‘அந்திம காலம்’ தனித்துப் பேசத்தக்கது. பினாங்கில் வாழும் சுந்தரம் என்னும் முதியவருக்குப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. அதே வீட்டில் பேரக் குழந்தையும் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகிறான். மகளின் மணவாழ்க்கையும் முறிந்து கிடக்கிறது. கதைச் சுருக்கமாகச் சொன்னால் கண்ணீர்க் கதை போலத் தோன்றும். படிக்கும்போது அவ்வாறு இல்லை. மருத்துவமனையின் காத்திருப்பு, சிகிச்சையின் அலுப்பு, உறவினர் வந்து நின்று என்ன சொல்வதென்று அறியாது பேசும் பேச்சு, நோயாளியின் சினம் ஆகியவற்றை ஆசிரியர் அவசரமின்றிச் சொல்கிறார். மரணத்தைத் தத்துவமாக்கிவிடும் ஆசை நம் எழுத்தாளர்களுக்கு அதிகம். இவரும் அந்த ஆசைக்கு முற்றும் தப்பவில்லை. ஆங்காங்கே சுந்தரத்தின் சிந்தனை சொற்பொழிவாகிறது. ஆனால் உடல் நோகிறது என்பதை அவர் எந்தப் பக்கத்திலும் மறக்கவில்லை. மலேசியத் தமிழ் நாவல் பற்றி என்னிடம் முதன்முதலாகக் கேட்கும் மாணவருக்கு நான் எடுத்துக் கொடுக்கும் நூல் இதுதான்.

ஒரு மொழியியலாளனுக்கு இந்நாவல் மற்றொரு வினாவையும் எழுப்புகிறது. மலேசிய மருத்துவமனையில் ஒரு தமிழர் மருத்துவரிடம் எம்மொழியில் பேசுவார்? ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசுவார். மனைவியிடம் தமிழில், பேரனிடம் பாதித் தமிழில், செவிலியரிடம் மலாயில் என ஒரே நாளில் நான்கு முறை அவர் நா மாறுகிறது. நாவலாசிரியரோ ஒரே மொழியில் எழுதியாக வேண்டும். கலப்பை உள்ளபடியே பதிவு செய்தால் தமிழ் வாசகர் தடுமாறுவர். எல்லாவற்றையும் செந்தமிழாக்கினால் மேடை நாடகம் ஆகிவிடும். கார்த்திகேசு ஓர் இடைவழியைக் கண்டார். அவருடைய கூற்று தெளிவான பொதுத் தமிழ். வாக்கியம் குறுகியது, எச்சங்கள் அடுக்கி நீள்வதில்லை, வடசொல்லையும் வலிந்த தனித்தமிழையும் ஒரே அளவில் தவிர்க்கிறது. உரையாடல் பேச்சை ஒட்டியது. ஆயினும் எந்தத் தோட்டத்தின், எந்த வட்டாரத்தின் பேச்சு என்று சொல்ல இயலாதது.

இந்த நடை எங்கிருந்து வந்தது? வானொலியிலிருந்து வந்தது என்பது என் கருத்து. மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதி ஒரே நேரத்தில் லயத்து வீட்டுத் திண்ணையிலும் கோலாலம்பூர் வழக்கறிஞரின் இல்லத்திலும் ஒலித்தது. யாழ்ப்பாணத் தமிழரும் தஞ்சைத் தமிழரும் மலையாள வழியினரும் தெலுங்கு வழியினரும் அதனைக் கேட்டனர். ஒருமுறை காதில் விழுந்ததும் பொருள் விளங்க வேண்டும். திரும்பப் படிக்க வழியில்லை. அந்தக் கட்டாயம் எவர்க்கும் அயலாகாத ஒரு தமிழை இந்நாட்டில் உருவாக்கிற்று. கார்த்திகேசுவின் உரைநடை அதன் எழுத்து வடிவம். அச்செழுத்திலிருந்து வந்தவர்களின் நடையோடு ஒப்பிட்டுப் படித்தால் இவ்வேறுபாடு ஒரு பக்கத்திலேயே புலப்படும். ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம்: ‘அந்திம காலம்’ நாவலின் ஒரு பத்தியை மாணவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு எங்கும் முட்டாது.

ஆனால் இந்தப் பொதுமைக்கு ஒரு விலை உண்டு. பீடோங் தோட்டத்தில் பிறந்தவரின் நாவல்களில் பீடோங் தோட்டத்தின் சொற்கள் எங்கே? பெரட்டு, தீம்பார், நிரை, மங்கு, கட்டிப்பால், ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை, கிராணி, மண்டோர், கித்தா ஆகியவை வெறும் சொற்கள் அல்ல. ‘பெரட்டு’ என்பது ஆங்கிலத்தில் படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் சொல். அது ரப்பர்த் தோட்டத்தின் காலைக் கணக்கெடுப்புக்குப் பெயரானபோது, தொழிலாளி எப்படி நடத்தப்பட்டான் என்ற செய்தியும் அதனுள் தங்கிவிட்டது. ‘லயம்’ என்பது வரிசை வீடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபே. நம்மவர் வாயில் அது இசைச்சொல்லைப் போல் ஆகிவிட்டது. ‘பசியாறுதல்’ என்று காலை உணவைக் குறிப்பது இன்றும் நம் நாட்டு வழக்கு. தமிழகத்தார் கேட்டு வியப்பர், சிலர் நம்மைவிட அழகாகப் பேசுகிறீர்கள் என்றும் சொல்வர். இச்சொற்கள் எல்லாம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, வீட்டுமனைகளாக விற்கப்பட்ட காலத்தில் பேசுவாரின்றிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்றும் இடமாக நாவல் இருந்திருக்கலாம். கார்த்திகேசுவின் பார்வையோ படித்து வெளியேறிய நடுத்தர வர்க்கத்தின் மேலேயே பெரிதும் நின்றது. தோட்டம் அவரிடம் கதை மாந்தர் விட்டுவந்த இடமாக, நினைவாக வருகிறது.

இக்குறையை இளையோர் பலர் சொல்லியுள்ளனர். அதில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மை என்று நான் கருதவில்லை. மலேசியத் தமிழர் என்றால் ரப்பர் மரத்தின் கீழ்தான் நிற்க வேண்டும் என்று தமிழக வாசகரும் நம் திறனாய்வாளரும் எதிர்பார்த்த காலம் ஒன்று இருந்தது. தோட்டத்துத் துயரம் எழுதினால் பரிசு உறுதி என்ற நிலையும் இருந்தது. மருத்துவமனையிலும் விரிவுரை மண்டபத்திலும் வங்கியிலும் தமிழர் வாழ்வதைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. அதைச் செய்தவர், தாமே தோட்டத்திலிருந்து வெளியேறியவர். வெளியேறியது துரோகம் அன்று. அதுவும் ஒரு வரலாறு. அந்த வரலாற்றுக்குரிய மொழியும் வேறாகத்தான் இருக்கும்.

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. எசுப்பானியாவின் பார்சலோனா நகரில் வாழ்ந்து 2020-இல் மறைந்த ஹுவான் மார்சே என்னும் நாவலாசிரியரை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நகைப் பட்டறையில் வேலைக்குச் சென்றவர். கத்தலான் மொழி பேசும் நகரில் பிறந்து, கஸ்தீலிய மொழியில் எழுதினார். 1966-இல் வந்த அவருடைய ‘தெரேசாவுடன் கடைசி மாலைப்பொழுதுகள்’ தென்னாட்டிலிருந்து பிழைக்க வந்து மலைச்சரிவுச் சேரியில் வாழும் இளைஞனையும், செல்வக் குடும்பத்து மாணவியையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ஏன் உன் நகரத்து மொழியில் எழுதவில்லை என்ற வினா அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 2008-இல் எசுப்பானிய இலக்கியத்தின் உயரிய செர்வாந்தேஸ் பரிசு அவருக்குக் கிடைத்தபோதும் அவ்வினா ஓயவில்லை. எந்த மொழியில் என்பது அவர் சிக்கல். ஒரே மொழியின் எந்த அடுக்கில் என்பது நம் சிக்கல். இரண்டிலும் வினாவின் அடியில் இருப்பது ஒன்றே: நீ யாருடைய ஆள்?

கார்த்திகேசு விட்ட இடத்தை அதே கெடா மண்ணிலிருந்து வேறு இருவர் எடுத்தனர். 1949-இல் பிறந்த சுங்கைப் பட்டாணியின் சீ. முத்துசாமி, ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்டத்துப் பேச்சை உரையாடலுக்குள் மட்டும் அடைத்து வைக்காமல் கூற்றுக்குள்ளேயே பரவவிட்டார். அவர் வாக்கியம் நிரைகளுக்கிடையே நடப்பது போல வளைந்து செல்லும், எளிதில் பிடிபடாது. 1947-இன் எழுச்சியைச் சுற்றிய தோட்டப் போராட்டங்களின்பால் அவரது ‘மலைக்காடு’ திரும்பியது. கோயம்புத்தூரில் 2017-இல் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது, தமிழக வாசகர் பலர் மலேசியத் தோட்டத் தமிழை முதன்முறையாக ஓர் இலக்கிய மொழியாகக் கேட்டனர். வானொலித் தமிழின் எதிர்க்கரை இது.

லுனாஸ் மண்ணின் ம. நவீன் இன்னும் ஒரு படி சென்றார். 2019-இல் வந்த ‘பேய்ச்சி’ அவ்வூரில் 1981-இல் நச்சுச் சாராயம் பலரைக் கொன்ற துயரத்தையும் தொட்டுச் செல்வது. அதன் மாந்தர் தோட்டத்தில் பேசியவாறே பேசுகின்றனர்; வசையும் அதில் அடங்கும். நம் சமூகத்திலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு, 1984-ஆம் ஆண்டின் அச்சகம், வெளியீட்டுச் சட்டத்தின்கீழ் அந்நாவலைத் தடை செய்தது. அந்நூலை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் உரிமை. பள்ளி நூலகத்துக்குரிய நூல் அது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாவலின் உரையாடல் மொழி ஆபாசம் எனப்படும்போது, அம்மொழியைப் பேசிய மக்களும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர் அல்லவா? தோட்டப் பேச்சை நாவலுக்குள் விடாமலிருந்த முன்னோரின் தயக்கத்தை, இந்நிகழ்வுக்குப் பின் நான் சற்றுப் பரிவோடு நோக்குகிறேன். அவர்கள் எந்தக் கண்கள் முன்னே எழுதினார்கள் என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது.

மூவரையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள். கார்த்திகேசுவின் பல நாவல்கள் மதுரைத் திட்டத்தின் மின்னூல் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியில் தமிழ் ஊன்றிய காலத்திலேயே அவர் அதனை வரவேற்றவர். முத்துசாமியின் நூல்களைத் தேடித்தான் பெற வேண்டும். படிக்கும் மாணவர் தம் பாட்டனாரிடம் சென்று, ‘தீம்பார்’ என்றால் என்ன, அவருடைய தீம்பாரில் எத்தனை மரம், பெரட்டு எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்து வரட்டும். அக்குறிப்புகளை இம்மன்றத்துக்கு அனுப்பினால், நான் தொகுத்துவரும் கெடாத் தோட்டச் சொல்லகராதியில் சொல்லின் பக்கத்தில் ஊரின் பெயரோடு சேர்த்துக்கொள்வேன். பெரட்டுக்கு நின்றவர்கள் வெகு சிலரே இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.